சிமெண்ட் குறைச்சு வீடு கட்டணுமா? யார் யார் வேண்டாம்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு என்ன காட்டணும்

மண் பிளாக் (மண்ணுல கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தின கல்லு), ரேட் ட்ராப் சுவர் (நடுவுல ஓட்டை விட்டு கட்டற சுவர்), ஃபில்லர் ஸ்லாப் (காங்கிரீட்ட குறைக்க நடுவுல ஓடு வச்சு போடற கூரை) மாதிரி ஏதாவது பண்ணி சிமெண்ட்டையும் சூளைக் கல்லையும் குறைச்சு ஒரு வீடு கட்டணும்னு ஆசைப்படுறவங்க தெரிஞ்சவங்கள்லயே நிறைய பேர் இருக்காங்க. ஆனா கட்டி முடிச்சவங்க ரொம்ப கம்மி. என்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எத்தனை சதவீதம் சிமெண்ட் கலக்கணும், மெஷின் எங்க கிடைக்கும்னுதான். அதெல்லாம் ஒரு வாரத்துல கத்துக்கலாம். நான் திண்டிவனம் பக்கம் எங்க ஊர்ல 950 சதுர அடியில ஒரு வீடு கட்டினேன், அதுல வேலை நின்ன ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளாலதான் நின்னுச்சு, முதல்ல அம்மா, அப்புறம் மேஸ்திரி, அப்புறம் இன்ஜினியர், கடைசியா பேங்க்ல இருந்து வீட்டோட மதிப்பு போட வந்த வேல்யூவர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பயம் இருந்துச்சு. எல்லாமே நியாயமான பயம்தான். அவங்க பயத்துக்குப் பதிலை கையில எடுத்துட்டுப் போனப்ப வேலை நகர்ந்துச்சு, சும்மா வாய்ல வாதாடினப்ப நகரல. அதனால இத அந்த வரிசையிலயே எழுதுறேன்.

எதுக்கு இவ்வளவு பாடுன்னா, உலகத்துல மனுஷன் வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 8 சதவீதம் சிமெண்ட்டால வருது. அதுல பாதிக்கு மேல சுண்ணாம்புக்கல்ல சுடும்போது அந்தக் கல்லுக்குள்ள இருந்தே கிளம்பற வாயு, அடுப்புல என்ன எரிச்சாலும் அது வந்தே தீரும். செங்கல் சூளைக்கு வயக்காட்டு மேல்மண் போகுது, விறகு போகுது. இவ்வளவையும் செலவு பண்ணி நாம கட்டுறது சித்திரை மாசம் ராத்திரி பத்து மணிக்கும் மேல இருந்து அனல் இறங்குற ஒரு காங்கிரீட் பெட்டி, அப்புறம் அதுக்கு ஏசி. இத நினைச்சாலே எனக்கு மனசு ஆறல.

முதல்ல வீட்டு ஆளுங்க. எங்க அம்மா கேட்டது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு: "உங்க தாத்தா மண் வீட்டுல இருந்து வெளிய வரத்தான் அவ்ளோ கஷ்டப்பட்டாரு, நீ படிச்சிட்டு வந்து திரும்ப மண்ணுலயே கட்டப் போறியா?" 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கரையேறினப்ப எங்க பெரியம்மா வீட்டு மண் சுவர் நனைஞ்சு சரிஞ்சத அவங்க கண்ணால பாத்தவங்க. அவங்ககிட்ட போய் கார்பன் பத்தி பேசக்கூடாது. மண் வீடுன்னா வறுமைன்னு அவங்களா கற்பனை பண்ணிக்கல, சர்க்கார் கணக்கே அப்படித்தான் இருக்கு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புல கச்சா சுவர், கச்சா கூரை போட்ட ஒரே ரூம் வீடுன்னா அது வறுமைக்கு ஒரு அடையாளம்னே குறிச்சாங்க, மண் சுவர் அந்த கச்சா லிஸ்ட்லதான் வரும். பக்கா வீடுன்னா சுட்ட செங்கல், கல்லு, காங்கிரீட். ரெண்டு தலைமுறையா இதையே கேட்டு வளர்ந்த ஆளு பயப்படாம எப்படி இருப்பாங்க.

நான் பண்ணது ரெண்டு பக்கெட்டு. ஒண்ணுல சும்மா மண்ண பிசைஞ்சு அச்சுல போட்டு காய வச்ச கட்டி, இன்னொண்ணுல 5 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி 28 நாள் ஈரம் காயாம பதப்படுத்தின பிளாக். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டையும் தண்ணில போட்டு முழுக வச்சு கொல்லைப்பக்கம் வச்சிட்டேன். காலைல அம்மாவையே போய் பாக்க சொன்னேன். முதல் பக்கெட்டுல அடியில சேறு, மேல செந்தண்ணி. ரெண்டாவதுல கைய விட்டு பிளாக்க தூக்கினாங்க, நகத்தால சுரண்டிப் பாத்தாங்க, ஓரத்த கட்டை விரலால அழுத்திப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம கீழ வச்சாங்க. மறுநாள் சித்திக்கு போன் பண்ணி "இது வேற மண்ணுடி"ன்னு சொன்னத நான் கேட்டேன். அதுக்கப்புறம் குடும்பத்தோட ஆரோவில் போய் விசிட்டர்ஸ் சென்டர் கட்டடத்த காட்டினேன், அது முழுக்க இந்த மாதிரி அழுத்தின மண் பிளாக்ல கட்டினது, 30 வருஷத்துக்கு மேல மழையும் வெயிலும் பாத்து நிக்குது. கேரளா பக்கம் போறவங்க திருவனந்தபுரத்துல, குறைஞ்ச செலவு வீடுகளுக்குப் பேர் போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் 70-கள்ல கட்டின சென்டர் ஃபார் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் வளாகத்த பாருங்க, பூச்சே இல்லாத செங்கல் சுவர் எவ்வளவு அழகா இருக்கும்னு அங்க தெரியும். போட்டோ காட்டாதீங்க, நேர்ல கூட்டிட்டுப் போய் சுவர தொடச் சொல்லுங்க.

அதே நேரத்துல உங்க மண்ணு இதுக்கு ஆகுமான்னு பாத்துக்கணும், எல்லா மண்ணும் ஆகாது. மேல ஒரு அடி வேர், குப்பை கலந்த மண்ண ஒதுக்கிட்டு கீழ இருக்கறத எடுங்க. கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு சலிச்ச மண், மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா குலுக்கி ஆடாம வைங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில உக்கார்றது மணலும் பொடிக்கல்லும், அதுக்கு மேல அரை மணி நேரத்துல படியறது வண்டல், மறுநாள் வரைக்கும் மெதுவா இறங்கறது களி. மணலும் பொடிக்கல்லும் சேர்ந்து மூணுல ரெண்டு பங்கும் களி அஞ்சுல ஒரு பங்கும் இருந்தா சிமெண்ட் கலக்க அருமையான மண். களி அதிகம்னா மணல் இல்ல எம் சாண்ட் சேத்துக்கலாம், இல்ல சிமெண்ட்டுக்குப் பதிலா சுண்ணாம்பு. நம்ம பக்கத்து செம்மண் பெரும்பாலும் ஒத்து வரும். கரிசல் மண்ணு காரங்க இந்த வழிய விட்டுடுங்க, அது நனைஞ்சா உப்பும் காஞ்சா வெடிக்கும், அதோட சண்ட போடுறதுக்கு ஃப்ளை ஆஷ் கல்லு (அனல் மின்நிலையத்து சாம்பல்ல செஞ்சது) வாங்கி ரேட் ட்ராப் கட்டுறது எவ்வளவோ மேல். ஈரம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு உருண்டை பிடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து கெட்டித் தரையில போடுங்க, நாலஞ்சு துண்டா உடைஞ்சா சரி, பொடிப்பொடியா சிதறினா தண்ணி பத்தல, சப்புன்னு ஒட்டிக்கிட்டா தண்ணி ஜாஸ்தி.

அடுத்து மேஸ்திரி, இங்கதான் பாதி பேர் திட்டத்தையே கைவிடுறாங்க. எனக்கு முதல்ல வந்தவர் ரேட் ட்ராப் படத்த பாத்துட்டு "நடுவுல ஓட்டையா விட்டா சுவர் நிக்காது, நாளைக்கு என் பேர்தான் கெடும்"னு கிளம்பிட்டார். ரெண்டாவதா வந்தவர் நேரா சொல்லாம ரேட்ட ஒன்றரை மடங்கு ஏத்தி சொன்னார், அதுவும் வேண்டாம்னு சொல்ற ஒரு விதம்தான். அவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசிட்டு வர்றவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கல்லு ஓடும், சித்தாள் எத்தனை பேரு, எப்ப அடுத்த சைட்டுக்குப் போலாம்னு மனசுல ஒரு கணக்கு இருக்கும், பழக்கமில்லாத கட்டு அந்தக் கணக்க உடைக்கும், லாபம் மொத்தமும் அங்கயே போயிடும். அதனால புதுசா பழகுற நஷ்டத்த அவர் தலையில கட்டாதீங்க, நீங்க ஏத்துக்கங்க. முதல் நாலஞ்சு நாளைக்கு சதுர அடிக் கணக்கே வேண்டாம், தினக்கூலி முழுசா குடுத்துடுங்க. சைட் ஓரத்துல அஞ்சுக்கு அஞ்சு அடியில ஒரு சாம்பிள் சுவர் கட்டச் சொல்லுங்க, கோணலா வந்தா பிரிச்சிட்டு திரும்ப கட்டட்டும். கை பழகினதுக்கு அப்புறம் ரேட் பேசுங்க. மெட்டீரியல் நீங்களே வாங்கிக் குடுங்க, மெட்டீரியலோட கான்ட்ராக்ட் விட்டா மிச்சமாகிற கல்லு எங்க போகும்னு சொல்ல வேண்டியதில்ல.

மூணாவதா ஒரு கொத்தனார் கிடைச்சார், அறுபது வயசு இருக்கும், சின்ன வயசுல மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு போடற பழைய கூரை) போட்டிருக்கேன், கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணில சுண்ணாம்பு அரைச்சிருக்கேன்னார். இவர்கிட்ட பேசறப்பதான் எனக்குப் புரிஞ்சது, நம்ம பெரியவங்க கையில இருக்கிற அறிவு இன்னும் முழுசா போகல, கூப்பிட ஆள் இல்லாம சும்மா இருக்கு. அவர் கல்ல படுக்க வைக்காம ஓரத்துல நிறுத்தினார், வெளிப்பக்கம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு, நடுவுல மூணு இஞ்ச் காலி, அப்புறம் குறுக்க ஒரு கல்லு. தூக்குக்குண்ட விட்டுப் பாத்தார். நாலாவது வரியில நிறுத்தி, கைய அந்த ஓட்டைக்குள்ள விட்டு, "காத்து உள்ளயே நிக்கும், வெக்கை தாண்டாது, அதானே?"ன்னு கேட்டார். நான் படம் வரைஞ்சு விளக்க நினைச்சத அவரே கைய விட்டுத் தெரிஞ்சுக்கிட்டார்.

கணக்கு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இது. கலவையோட சேத்து கல்லு 9க்கு 4½க்கு 3 இஞ்ச்னு வச்சுக்கங்க. 9 இஞ்ச் சுவர் 100 சதுர அடிக்கு சாதாரண கட்டுல சுமார் 1,070 கல்லு போகும். ரேட் ட்ராப்ல ஒரு அடி நீளம், 4½ இஞ்ச் உயரத்துக்கு மூணு கல்லு, அதே 100 சதுர அடிக்கு 800. நாலுல ஒரு பங்கு கல்லு மிச்சம், கலவை இன்னும் கூடவே மிச்சம். ஆனா அடி வரி, ஜன்னல் கீழ் வரி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற காங்கிரீட் பட்டை) கிட்ட, மூலை, கதவு ஜன்னல் ஓரம் எல்லாம் கெட்டியா கட்டணும், அங்க ஓட்டை வைக்கக்கூடாது. மூலையில அந்த ஓட்டைக்குள்ளயே கம்பி இறக்கி காங்கிரீட் போட்டா நிலநடுக்கத்துக்கும் நல்லது.

பணத்துல இன்னொரு தப்பு நடக்குது, எல்லாரும் ஒரு பிளாக் என்ன விலை, ஒரு செங்கல் என்ன விலைன்னு ஒப்பிடுறாங்க. மண் பிளாக் ஒண்ணொண்ணா பாத்தா சில இடத்துல விலை கூடவே வரும், அதுவும் தூரத்துல இருந்து லாரியில வரவச்சா மிச்சம் பிடிச்சதெல்லாம் லாரி வாடகையிலயே போயிடும். முடிஞ்ச சுவர ஒப்பிடணும். செங்கல் சுவருக்கு ரெண்டு பக்கமும் பூச்சு, பட்டி, ப்ரைமர், பெயிண்ட், அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப பெயிண்ட். மண் பிளாக்ல ஒழுங்கா கட்டினா இது எதுவும் வேண்டாம். சைட்லயே மெஷின வாடகைக்கு எடுத்து, செப்டிக் டேங்க்கும் மழைநீர் தொட்டியும் தோண்டின மண்ணையே சலிச்சு கல்லு அடிச்சா கணக்கு நம்ம பக்கம் வரும். அதுக்கும் சரிப்படலன்னா சரிப்படலன்னு ஒத்துக்கிட்டு வேற வழி பாருங்க, பிடிவாதத்துக்காக கடன் ஏத்திக்க வேண்டாம்.

இன்ஜினியர் விஷயம் சின்னதுதான், ஆனா கழுத்தப் பிடிக்கும். காலேஜ்ல அவங்களுக்கு சொல்லிக் குடுத்தது பெரும்பாலும் காங்கிரீட்டும் கம்பியும்தான், மண்ணால சுவர்னா டிசைன் பண்ணவே யோசிப்பாங்க, கையெழுத்து போட்டா பொறுப்பு அவங்களுதாச்சே. அவங்களுக்கு தரநிலை நம்பர குடுங்க. ஸ்டெபிலைஸ்டு மண் பிளாக்குக்கு இந்தியாவுக்குன்னே ஐஎஸ் 1725 இருக்கு, 2013-ல புதுப்பிச்சாங்க. மண் கட்டடங்கள நிலநடுக்கத்துக்கு பலப்படுத்த ஐஎஸ் 13827 இருக்கு. நீங்க அடிச்ச பிளாக்ல சிலத எடுத்துட்டுப் போய் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல நனைஞ்ச நிலையில அழுத்தம் எவ்வளவு தாங்குதுன்னு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வாங்குங்க. காஞ்ச பிளாக் தாங்கறதுல நனைஞ்சது பாதி அளவுதான் தாங்கும், அதனால நனைஞ்ச நம்பர்தான் முக்கியம். ரிப்போர்ட் கைக்கு வந்தா எந்த இன்ஜினியரும் பேச ஆரம்பிச்சிடுவார். பயிற்சி எடுத்தவங்க வேணும்னா 1989-ல ஆரம்பிச்ச ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல கோர்ஸ் நடக்குது, கேரளாவுல திருச்சூர்ல 1985-ல தொடங்கின காஸ்ட்ஃபோர்டுன்னு ஒரு அமைப்பு இருக்கு, பேக்கர் வழியில வந்தவங்க.

இப்ப பேங்க். எனக்கு இங்கதான் ரொம்ப அடி. லோன் கிடைச்சு, கடைக்கால் முடிஞ்சு, முதல் தவணை வந்து, லிண்டல் வரைக்கும் சுவர் ஏறினப்ப வேல்யூவர் வந்து பாத்துட்டு "மட் வால்"னு ரெண்டே வார்த்தை எழுதிட்டுப் போயிட்டார். அடுத்த தவணை நின்னு போச்சு. ரெண்டு மாசம் சைட்ல வேலை இல்ல, கொத்தனார் வேற இடத்துக்குப் போயிட்டார், சுவர் மேல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம், மழை நாள்ல ராத்திரி எழுந்து தார்ப்பாய் பறந்துச்சான்னு பாப்பேன். அந்த வேல்யூவர் மேலயும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன், நாளைக்கு நான் கட்டலன்னா பேங்க் அந்த வீட்ட வித்து காசெடுக்கணும், மண் வீட்ட யார் வாங்குவாங்கங்கிறது அவர் கேள்வி, அவர்கிட்ட இருக்கிற ஃபார்ம்ல செங்கல், கல், காங்கிரீட் பிளாக்தான் இருந்துச்சு.

அதனால நீங்க அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க. எஸ்டிமேட்ல மண் வீடுன்னு எழுத விடாதீங்க, அதோட சரியான பேர எழுதுங்க: ஐஎஸ் 1725 படி ஸ்டெபிலைஸ்டு சாயில் பிளாக், லோடு பேரிங் சுவர் (கூரைச் சுமைய சுவரே தாங்குறது), ஆர்சிசி கூரை (கம்பி போட்ட காங்கிரீட்). கூடவே லேப் ரிப்போர்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோட சான்றிதழ், இதே முறையில பக்கத்துல கட்டி நிக்கிற வீடுகளோட போட்டோ. மேனேஜர உக்கார வச்சு, வேல்யூவருக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்லி, இத ஏத்துக்கறோம்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் வானம் தோண்டுங்க. வாய் வார்த்தைய நம்பாதீங்க, மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். ஒரு பேங்க் முடியாதுன்னா அடுத்ததுக்குப் போங்க, இது வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடின்னா ஒரு மாச தாமதம், நடுவுலன்னா உசுர வாங்கும். எனக்கு கடைசியில இந்தக் காகிதமெல்லாம் சேத்துக் குடுத்து ரெண்டாவது வேல்யூவேஷன்லதான் பணம் வந்துச்சு.

பிளான் அப்ரூவல்ல எனக்கு இவ்வளவு கஷ்டம் வரல. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி வரைக்கும் மனையில 3,500 சதுர அடிக்குள்ள கட்டற வீட்டுக்கு தமிழ்நாட்டுல சுயசான்று முறையிலயே அனுமதி வாங்கலாம்.

அரசு உதவியில கட்டறவங்களுக்குத்தான் வழி ரொம்ப குறுகல். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் தர்றாங்க, 360 சதுர அடி, அதுல 300 சதுர அடி ஆர்சிசி கூரை கட்டாயம். குடிசையில கஷ்டப்பட்டவங்களுக்கு கெட்டியான கூரை வேணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஆனா இவ்வளவு பெரிய எண்ணிக்கையில கட்டறப்ப கூரைக்கு ஒரே வழிய மட்டும் எழுதி வச்சா வேற எதுவும் வளராது. நேபாளத்துல 2015 நிலநடுக்கத்துக்கு அப்புறம் அரசு வெளியிட்ட வீட்டு டிசைன் கேட்டலாக்ல அழுத்தின மண் பிளாக்கையும் சேத்தாங்க, அதனால அந்தக் கல்லுல கட்டினவங்களும் நிவாரணப் பணம் கேக்க முடிஞ்சது. இங்கயும் கிராமசபையில கேக்கலாம், கேக்கணும். அதுவரைக்கும் திட்டத்துல கட்டறவங்க ஆர்சிசியிலயே ஃபில்லர் ஸ்லாப் போட முடியுமான்னு ஒன்றிய இன்ஜினியர்கிட்ட கேட்டுப் பாருங்க, அதுவும் ஆர்சிசிதான். ஸ்லாப்ல அடிப்பாகத்து காங்கிரீட் சுமைக்கு பெருசா உதவாது, அந்த இடத்துல கம்பிக் கட்டங்களுக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்ட ஜோடியா கவுத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஓட்ட முதல் நாளே தண்ணில ஊற வைங்க, இல்லன்னா காங்கிரீட்டோட தண்ணிய அது குடிச்சிடும். சுவர் மேல உக்கார்ற ஓரத்துலயும் பாத்ரூம் மேலயும் ஓடு வேண்டாம். கம்பி டிசைன் கண்டிப்பா இன்ஜினியர்தான் போடணும், கொத்தனார் கண் அளவுக்கு விடாதீங்க.

இதுல எதுவுமே முடியாதவங்களுக்கு ஒரு சின்ன வழி: ஓபிசிங்கிற சாதா சிமெண்ட்டுக்கு பதிலா பிபிசிங்கிற கலப்பு சிமெண்ட் வாங்குங்க, அதுல 15-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் அனல் மின்நிலையத்து சாம்பல் இருக்கு. கடைக்காரர் எது குடுக்கறாரோ அத வாங்காம மூட்டையில எழுதியிருக்கறத படிச்சு வாங்குங்க. ஸ்ட்ரென்த் கொஞ்சம் மெதுவா ஏறும், அதனால சென்ட்ரிங் பிரிக்கறதுல அவசரப்படாம கூட சில நாள் தண்ணி ஊத்துங்க.

காலம் பாத்து ஆரம்பிக்கறது முக்கியம். தை பொறந்ததும் கல்லு அடிக்க ஆரம்பிச்சா பங்குனிக்குள்ள பதம் ஆகிடும், ஆடிக்கு முன்னாடி சுவர் ஏத்தி, ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரை மூடிடலாம். நாங்க பேங்க் தகராறுல அத தவற விட்டோம். சன்ஷேடும் கூரை நீட்டமும் ரெண்டு அடிக்கு குறையாம விடுங்க, தரையில இருந்து பேஸ்மெண்ட் நல்ல உயரத்துக்கு கருங்கல்லுல ஏத்திட்டு, ஈரம் மேல ஏறாம டிபிசிங்கிற தடுப்பு அடுக்கு போட்டு, அதுக்கு மேலதான் மண் பிளாக் வரணும். எங்க அம்மா சொன்ன அந்த பெரியம்மா வீடு விழுந்ததும் மேல இருந்து நனைஞ்சு இல்ல, வாசல்ல தேங்கின தண்ணில அடி ஊறிப் போய்த்தான்.

எலக்ட்ரீஷியன்கிட்ட சுவர் கட்டறதுக்கு முன்னாடியே பேசுங்க, இத எல்லாரும் மறந்துடுறாங்க. எங்க வீட்ல வந்தவர் பழக்கதோஷத்துல கட்டர் மெஷின எடுத்து ரேட் ட்ராப் சுவர்ல குறுக்க ரெண்டு அடி கோடு கிழிச்சிட்டார், கொத்தனார் ஓடிவந்து கையப் பிடிச்சு நிறுத்தினார். ஸ்விட்ச் பாக்ஸ் எங்க வரும்னு முன்னாடியே முடிவு பண்ணி, சுவர் ஏற ஏற பைப்ப அந்த ஓட்டைக்குள்ளயே நேரா இறக்கிக்கணும். அலமாரி, ஏசி, டிவி மாட்டற இடத்துல ஓட்டைய கலவை போட்டு நிரப்பிக்கங்க.

வேலை முடிஞ்சு மிச்சம் இருக்கிற பிளாக்ல ஒரு இருபது முப்பதை எடுத்து ஓரமா நனையாம அடுக்கி வைங்க. பின்னாடி ஏதாவது ரிப்பேர்னா அதே நிறத்துல அதே கல்லு வேற எங்கயும் கிடைக்காது. எங்க வீட்ல முப்பது வச்சோம், இப்ப பதினெட்டு இருக்கு, ரிப்பேருக்கு ஒண்ணு கூட எடுக்கல. வீடு கட்டப் போறேன்னு பாக்க வர்றவங்ககிட்ட அம்மா ஆளுக்கு ஒண்ணு குடுத்து, ராத்திரி பக்கெட்டுல போட்டு வச்சு காலைல பாருன்னு சொல்லி அனுப்புறாங்க.